இலகுவேலை

எடைமேடையில் இப்போது முள் இல்லை,
சிவப்பு எண்கள்தான்.
கரண்ட் போய் வந்தால் கொஞ்ச நேரம் பொய் சொல்லும்,
பிறகு திருந்திவிடும்.

பதினேழு ஆண்டு பட்டாளம் முடித்து வந்தவன் நான்.
ராணிப்பேட்டைத் தோல் ஷெட்டில்
கூலிப் பதிவேடு என் கையில்.
கனவேலை: ஐந்நூற்று எண்பது.
இலகுவேலை: முந்நூற்று எழுபது.
எது கனம், எது இலகு என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.
பெயரைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.
முதல் மாதம் நானும்
பெயரைப் பார்த்துத்தான் எழுதினேன்.

பவுனம்மாள், க/பெ ஏழுமலை, வன்னிவேடு.
ட்ரம்மிலிருந்து இறக்கிய நீலத்தோலை
நீர் சொட்டச் சொட்ட மடித்துச்
சும்மாட்டின் மேல் ஏற்றிக்கொண்டு
பிழியும் மிஷின் வரை நாற்பது தப்படி.
டீ மணி அடிக்கும்வரை எண்ணினேன்:
முப்பத்தோரு நடை.
"இன்னா சார் எண்றே, ஆடா?"

பட்டாளத்தில் பாரம் ஒரு பெருமை.
முதுகில் இருபத்திரண்டு கிலோ, காலடியில் பனி.
நிறுத்துக் கொடுப்பார்கள்.
லீவில் வந்து அந்த இருபத்திரண்டைச் சொன்னால்
கணியம்பாடி பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்கும்.

மேனேஜர் வகாப் மெட்ராஸ் போன ஒரு நாள்
பவுனம்மாளைச் சுமையோடு மேடையில் ஏறச் சொன்னேன்.
எழுபத்து மூன்று.
இறக்கிவிட்டு அவள் மட்டும்.
நாற்பத்து நான்கு.
கழித்துப் பார்க்க நான் காகிதம் தேடினேன்.
"இருபத்தொம்போது" என்றாள்,
கறிக்கடையில் சொல்வதுபோல.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது.
என் இடுப்பில் இரண்டு எலும்புக்கு நடுவே
ஒரு சவ்வு பிதுங்கியிருக்கிறது.
பத்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்றார்
வேலூர் ஆஸ்பத்திரி டாக்டர்.
பட்டாளத்தில் ஒரே ஒரு முறை
வலி என்று சொல்லியிருக்கிறேன்.
பெண்டாட்டி வளையலைத் தபாலில் வரவழைத்துத் தரவா
என்று கேட்டார் சுபேதார்.
பிளட்டூனே சிரித்தது.
நானும் சிரித்தேன்.
சிரிக்கும்போது இன்னும் வலித்தது.

ஷெட்டில் சுண்ணாம்பு மூட்டை சரிந்தபோது
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், மிலிட்டரி ஆள்.
குனிந்தேன்.
குனிந்தபடியே நின்றேன்.
மறுமுனையைப் பிடிக்க வந்தவள்போல வந்து
முழு மூட்டையையும் வாங்கிக்கொண்டாள் பவுனம்மாள்.
வடத்தை இழுக்காமல் தொட்டுக்கொண்டே நடக்கும்
தேர்க்கூட்டத்து ஆள்போல்
என் கை மூட்டையோடு போனது.
"தூக்கினு வர்றா மாதிரியே வா சார், பாக்கறாங்க"
என்றாள், உதடு அசையாமல்.

நான் இல்லாத ஆண்டுகளில் பட்டப்பகலில்
சிலிண்டரை மூன்று படி ஏற்றியவள் சுலோச்சனா.
நான் வந்த பிறகு
எதிர்வீட்டு விளக்கு அணையும்வரை காத்திருந்து ஏற்றுகிறாள்.
நான் உள்ளே
டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறேன்.

அந்த மாதக் கடைசியில் பவுனம்மாள் பெயரைக்
கனவேலையில் எழுதினேன்.
"கைப்பிழையா ஹவில்தார்?" என்று கேட்டு
வகாப் சிவப்பில் அடித்தார்.
ஆமாம் என்றேன்.
அந்த ஆமாமையும் நிறுத்துப் பார்த்திருக்கலாம்.

இந்த மாதம் பென்சிலில் ஒரு பத்தி புதிதாகப் போட்டேன்.
ஆள் ஆளாக மேடையில் ஏற்றி
அவரவர் சுமக்கும் கிலோ.
வெங்கடேசன் பதினெட்டு. தேசம்மா இருபத்தாறு.
கடைசி வரியில் என் பெயர்: பத்து. இலகுவேலை.

பவுனம்மாள் எட்டிப் படித்தாள்.
"உம் பேர் இன்னாத்துக்கு? ஆளுங்க சிரிப்பானுங்க."
சிரிக்கட்டும் என்றேன், கொஞ்சம் கம்பீரமாகவே.
அவள் சும்மாட்டை உதறிச் சுருட்டினாள்.
"அது கெடக்கட்டும் சார்.
கூலி ஏறுமா, அத்தச் சொல்லு."