குட்செட்டில் இறங்கினால்

கண்டியில் நல்ல சாப்பாடு எங்கே என்று
ஓட்டோக்காரரிடம் கேட்காதே. கொமிஷன் உண்டு.
நீங்க எங்கே சாப்பிடுவீங்க என்று கேள்.

அப்படித்தான் போனேன்.
குட்செட்டுக்குப் பின்னால்,
டயர்க்கடைக்கும் சலூனுக்கும் நடுவே
பலகை இல்லாத கதவு.
உள்ளே இரண்டு பெஞ்சு, மலாய்க்கார ரொஹானி,
பிட்டும் பாபத்தும்.
குடல் கழுவிய கையில் தேசிக்காய் வாசம்.
"மஸ்கெலியாவா?" என்றாள்
நான் வாய் திறந்ததுமே.
கேட்காமலே ஒரு ரொட்டி வைத்தாள்,
ஓரத்தில் கட்டசம்பல்.

கமெராவோடு வந்த கொழும்புப் பையன்
அவள் சட்டியையும் என் தட்டையும்
படம் பிடித்துவிட்டு,
"இதெல்லாம் எந்த ஊர்ச் சாப்பாடு?" என்றான்.

ரொஹானி என்னைப் பார்த்தாள்.
எந்தக் கப்பல் என்று கேட்டிருந்தாலாவது
ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"இந்தக் கடைதான்" என்றாள்.
"ஆறுது. சாப்பிடுங்க."