நாலாவது பர்னர்

பதினொன்றரைக்குக் கடைசி மேசையும் எழும்பிவிட்டது.
லொசான் ரயிலடிக்குப் பின்னால், இறக்கத்தில்,
எங்கள் குசினியில் சட்டிகளுக்கு மட்டும் இன்னும் சூடு.

போன கிழமை எண்ணெய் பற்றிக்கொண்டபோது
நாலு வாயிலும் ஒரே சொல்தான்.
அதெரித்து ஃபோகு என்றான்,
கவுதென்ஸியோ ஃபுவோக்கோ,
வியோரிக்கா ஃபோக்,
முதலாளி மூச்சு விட்டமாதிரி, ஃபெ.
நான் நெருப்பு நெருப்பு என்று கத்தி
ஈரச்சாக்கை எறிந்தேன்.
அணைந்தது என் சொல்லுக்குத்தான்.

வியோரிக்கா ருமேனியாவில் லத்தீன் படித்தவள்.
இங்கே உருளைக்கிழங்கு உரிக்கிறாள்.
தோல் சுருள் சுருளாய் விழ விழச் சொன்னாள்:
அது முதலில் நெருப்பே இல்லையாம்,
அடுப்பாம்.
நெருப்புக்கு இக்னிஸ் என்று பெரிய இடத்துச் சொல் ஒன்று இருந்து
பேசுவாரில்லாமல் செத்துப்போக
அடுப்படிச் சொல் வந்து அதன் கதிரையில் குந்திக்கொண்டதாம்.

இக்னிஸின் ஒன்றுவிட்ட தங்கச்சி எங்கட ஊரில் இருக்கிறாள்,
கலியாண வீட்டில், ஐயரின் வாயில், என்றேன்.
அக்கினி.
கத்தியை வைத்துவிட்டுக் கைதட்டினாள்.

அப்ப கேர்ஃபியூ?
அதுவும் இதுதான். கூவ்ர்-ஃபெ.
மணி அடித்தால் அடுப்பைச் சாம்பலால் மூடிவிட்டுப் படு.
நெருப்பை மூடு.

ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டி
எங்கள் ஒழுங்கையில் அதைச் சொல்லிப் போனவனுக்கு
இது தெரிந்திருக்காது.
மூன்று நாள்.
சுடலைக்குப் போக விடவில்லை. புகை எழும்பினால் சுடுவார்கள்.
வாழைகளுக்குப் பின்னால், கிணற்றுக்கு எட்ட,
நானும் சித்தப்பாவும் அலவாங்கால் கிண்டினோம்.
தணிகைச்சீலனை மண்ணால் மூடினோம்.
அண்ணனுக்கு நான் கொள்ளி வைக்கவில்லை.

இருபத்தேழு வருசம்.
நேற்று என் பிரஜாவுரிமைப் பத்திரங்கள் வந்தன.
குடும்ப விபரத்தில், அவன் பெயருக்கு முன்னால்,
யாரோ ஒரு மொழிபெயர்ப்பாளர் தட்டிய மூன்று எழுத்து:
ஃபெ தணிகைச்சீலன்.

காலஞ்சென்ற என்று அர்த்தம், என்றாள்.
எழுத்தும் சத்தமும்தான் ஒன்று, வேர் வேறு.
விதி என்ற சொல்லிலிருந்து வந்தது, விதியை முடித்தவன்.
குழப்பிக்கொள்ளாதே.

சரி, என்றேன்.
அவள் படித்தவள். அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

எல்லாரும் கோட்டை மாட்டிக்கொண்டு போனபிறகு
நாலாவது பர்னரைப் பற்றவைத்தேன்.
அதன்மேல் ஒன்றும் வைக்கவில்லை.