வேர்வை எண்டு சொல்லி வித்த வண்டி

வவுனியாவில் சற்குணராஜா குனிந்து காட்டினார்,
இடது பின் சக்கரத்துக்கு உள்ளே.
"பழசு தங்கச்சி, சொக் சாதுவா வேர்க்கும்.
ஒளிக்காமச் சொல்லுறன். அது கசிவில்லை."
வெள்ளை ஏடி வேகன்.
வாய்க்கு வந்த விலையைக் கேட்டேன்,
உடனே ஓம் எண்டார்.
அந்த ஓம்
கிளிநொச்சி தாண்டியும் என் பக்கத்துச் சீற்றில் இருந்தது.

இப்ப மூன்று மாதம்.
விடிய ஐந்து மணிக்குப் புன்னாலைக்கட்டுவனில் ஏற்றுவேன்
நாற்பது தட்டு, ஆயிரத்து இருநூறு முட்டை.
உரும்பிராய் கழிய, குழாய்க்காரர் தோண்டி மூடின இடத்தில்
வண்டி ஒருக்கா விழும்,
பிறகு பள்ளமே இல்லாத தார் ரோட்டில்
தன்பாட்டில் மூன்று தரம் விழும்.
கொக்குவில் ரயில் கடவையைப் பற்றிக் கேட்கவேண்டாம்.
பேக்கரி வாசலில் பின்கதவைத் திறக்கிறபோதே
மணம் சொல்லிவிடும் கூடவோ குறையவோ எண்டு.
திங்கள் ஏழு. செவ்வாய் ஒன்பது.

கராஜில் யூட் நிமலன் மட்டையைப் போட்டுக் கீழே படுத்தான்.
விரலை வெளியே நீட்டினான்:
கறுப்பாய், ஈரமாய், நகக்கண் வரைக்கும்.
"தூசி மட்டும் ஒட்டியிருந்தா வேர்வை எண்டலாம்.
இது வழியுது அக்கா."
துடைத்துவிடச் சொன்னேன்.
ஒரு கிழமை ஓடிப் பார்ப்பம்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை, துடைத்தான்,
காசும் வாங்கவில்லை,
அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

புதுச் சோடி நாற்பத்தாறாயிரம்.
முட்டை ஒன்று முப்பத்துநாலு.
அப்ப ஆயிரத்து முந்நூற்று ஐம்பத்துமூன்று முட்டை
உடையும்வரைக்கும் சொக் மாற்றுவது நட்டம்.
நாளுக்கு ஒன்பது எண்டால் ஐந்து மாதம்.
வெடித்ததை ஜெனோவா கேக்குக்குப் பாதி விலையில் எடுப்பாள்,
ஆகவே பத்து மாதம்.
பத்து மாதத்தில்
நானும் யாரையாவது கூட்டிவந்து
குனிந்து காட்டலாம்.

இதைக் கொப்பியில் எழுதவில்லை.
கோழிக்குத் தீன் போடும்போது நினைத்ததுதான்.
கோழிகள் என்னைப் பார்த்தன, எப்போதும் பார்ப்பதுபோல,
ஒரு கண்ணால்.

கிழமை முடிய இடது பக்கம் திரும்பவும் ஈரம்.
நிமலன் அந்த மூலையை உடம்போடு அமத்தி விட்டான்.
எழும்பியது, ஒருக்கால் தாழ்ந்தது, நின்றுவிட்டது.
"பாத்தியே, நிக்குதுதானே" எண்டேன்.
அவன் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனான்.
அங்கே சொக் காய்ந்து சுத்தமாய் இருந்தது,
நான் மூன்று மாதமாய் எட்டிப் பாராத பக்கம்.
அமத்தினான்.
எழும்பியது விழுந்தது எழும்பியது விழுந்தது
எழும்பியது,
கதவுக் கைபிடி கிலுகிலுத்து ஓய்ந்தது.
பிறகு என் உள்ளங்கையைப் பிடித்து ரயரில் வைத்தான்.
வட்டமாய் இருக்கவேண்டிய இடத்தில்
மேடும் பள்ளமும், பனங்கிழங்குப் பாத்தி மாதிரி.

"இது கசியவேயில்லையே?"
"கசிய என்ன இருக்கு அக்கா,
எல்லாம் எப்பவோ போய் முடிஞ்சுது.
ஆரோ வடிவாக் கழுவித் துடைச்சும் விட்டிருக்கினம்."

சற்குணராஜா எனக்கு இடது பக்கம் காட்டியது
ஒளிக்காமல்தான்.

சோடியாகத்தான் மாற்றவேண்டுமாம்.
முன்னுக்கும் களைத்துத்தான் கிடக்குது,
நாலையும் போட்டால் நல்லம் எண்டான்.
"முன்னுக்கு நான்தானே இருக்கிறன்.
பின்னுக்குப் போடு."

அடுத்த நாள் குழாய்ப் பள்ளத்தில்
பழக்கத்தில் மூச்சைப் பிடித்தேன்.
வண்டி ஒருக்கா விழுந்தது.
மற்றதுக்குக் காத்திருந்தேன், வரவில்லை.
கடவையில் ரயிலும் இல்லை, பின்னுக்கு நின்ற ஓட்டோக்காரன்
ஹோர்ன் அடிக்கும்வரை ஏனோ நின்றேன்.
பேக்கரியில் ஜெனோவா தட்டுத் தட்டாய்த் தூக்கிப் பார்த்து
ரெண்டு எண்டாள்.

ரெண்டு பரவாயில்லை.
அது தீனில் சிப்பித்தூள் காணாது.