பச்சைக் கட்டம்

படிவத்தில் மூன்று கட்டங்கள்.
பச்சை என்றால் எளிது.
நீலம் நடுத்தரம்.
சிவப்புக்கு வீட்டில் சொல்லிவிட்டு வர வேண்டும்.
எங்களுக்கு வேண்டியது பச்சை மட்டும்:
திபிலிசியில் வாடகைக்கு எடுத்த வண்டியில்
பின்னிருக்கையில் பிள்ளையைத் தூங்கவிட்டு வருகிறவர்கள்,
நான்கு சக்கரத்துக்கும் இழுவை தரும் நெம்பை
இதுவரை தொட்டுப் பார்க்காதவர்கள்
இருட்டுமுன் போய்த் திரும்ப ஒரு தடம்.

நிவா மல்காஸுடையது. ஒரு கதவு மட்டும் வேறு நிறம்.
டயரில் கொஞ்சம் காற்றை இறக்கினான்,
விருந்துக்குப் பின் இடுப்புவாரைத் தளர்த்துகிறவன்போல.
என் மடியில் வரைபடம், காதிடுக்கில் பென்சில்.
முன்னால் நடக்கிறாள் வனக்காவலர் எலிஸோ,
பள்ளம் வந்தால் குச்சியை இறக்கிப் பார்க்கிறாள்.
முழங்காலுக்குக் கீழே என்றால்
திரும்பாமலே கையசைப்பு.

முதல் நான்கு கிலோமீட்டருக்கு எழுத ஒன்றுமில்லை.
ஆற்றுச் சரளை.
ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத தூரத்தில்
காட்டுப் பிஸ்தா மரங்கள்.
அலசானிக்கு அப்பால் அஜர்பைஜானின் மேகங்கள்
கடவுச்சீட்டு இல்லாமல் இக்கரைக்கு வந்துகொண்டிருந்தன.
"இதில் என் மாமியாரே ஓட்டுவாள்" என்றான் மல்காஸ்.
"உன் மாமியார் கூட்டுப்பண்ணையில்
பதினெட்டு வருஷம் டிராக்டர் ஓட்டியவள்" என்றாள் எலிஸோ.
"அவளை அளவுகோலாக வைக்காதே."

ஆறாவது கிலோமீட்டரில் தடம் இரண்டாகப் பிரிந்தது.
வலது, கல் துருத்திய மேட்டு முதுகு.
இடது, பள்ளத்தாக்கின் தரை:
தேய்த்து வைத்ததுபோல் சமதளம்,
இருபுறமும் மஞ்சளும் ஊதாவுமாக ஏப்ரல்,
எதிரே வரிவரியாய் மழை செதுக்கிய மண்குன்றுகள்.
யார் வந்தாலும் நிறுத்திப் படமெடுப்பார்கள்.
கண்ணை மூடிக்கொண்டு
பச்சையில் அழுத்தி ஒரு குறி போட்டேன்.

எலிஸோ தன் குடிதண்ணீர்ப் புட்டியைத் திறந்து
பாதியைத் தரையில் ஊற்றினாள்.
அதன்மேல் ஏறி நின்றாள்.
காலைத் தூக்கியபோது
பூட்சோடு எழுந்து வந்தது
ஒரு சட்டி செய்யப் போதுமான களிமண்.
"இது அரைப் புட்டி" என்றாள்.
"மே மாதம் மொத்தமாகக் கொண்டுவரும்."

பிறகு கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனாள்.
போன வசந்தத்தில் யாரோ சிக்கி, உறுமி,
எப்படியோ மீண்டு போன தடம்
இரண்டு வாய்க்காலாகக் காய்ந்து கிடந்தது.
இடது வாய்க்காலில் ஓர் ஆமையோடு.
உள்ளே ஒன்றுமில்லை.
ஓட்டின் விளிம்புக்கு நேராகச் சுவர் முழுக்க
நகக் கீறல்கள்,
இருபுறமும், ஒரே உயரத்தில்.
ஏறத் தெரியாமல் அது நேராகவே நடந்திருக்கிறது.
நான் தடத்தின் நீளத்தை அளக்கப் போனேன்.
மல்காஸ் வண்டியில் ஏறி
சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தான்.

மேட்டு முதுகில் திரும்பி ஏறினோம்.
முதல் கியர். பற்கள் மோதிக்கொண்டன.
மூன்று இடங்களில் இறங்கிக் கல் புரட்டினோம்;
ஒரு கல்லின் அடியில் தேள்,
அதை எலிஸோ வேறொரு கல்லுக்குக் குடிவைத்தாள்.
கூடுதலாக முப்பத்தெட்டு நிமிடம்.
மழை பெய்தால் கழுவிவிட்டுக் காத்திருக்கும் பாறை.
மேலே போனதும் பள்ளத்தாக்கு முழுதும் தெரிந்தது,
தொடாமல் பார்க்கிற தூரத்தில்.
இதைப் பச்சை என்று எழுதினால்
யாராவது திட்டுவார்கள்.
நீலம் என்றால் யாரும் வரமாட்டார்கள்.

இடதுபுறத் தடத்தை அழித்தேன்.
பென்சில் போய்விட்டது.
அழுத்திய பள்ளம் காகிதத்தில் அப்படியே இருக்கிறது,
சாய்த்துப் பிடித்தால் தெரிகிறது.

தார்ச்சாலையில் மல்காஸ் டயர்களுக்குக் காற்றடித்தான்,
ஒவ்வொன்றுக்கும் வாய்விட்டு எண்ணியபடி.
"சனிக்கிழமை மாமியாரைக் கூட்டி வருகிறேன்" என்றான்.
"அவள் திட்டுகிறாளா பார்ப்போம்."
நிறத்துக்கு இடம் விட்டு
மீதியை நிரப்பினேன்.