நாற்பத்தெட்டுக்கு நாற்பத்தொன்று

பாத்கென் மருத்துவமனையில் இன்று மின்சாரம் இருக்கிறது.
ஜெல் புட்டியைக் காலையிலிருந்து
கோட்டுக்குள் அணைத்து வைத்திருக்கிறேன்.
ஜனவரியில் அது ஊசியாய்க் குத்தும்.

புருல்சா வருகிறாள்,
ஆறு கிண்ணம் தேநீரோடு,
நடக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல்.
நிரம்பிய சிறுநீர்ப்பைதான் எனக்கு ஜன்னல் என்றேன்.
சிரித்தாள்,
சிரித்தால் ஆபத்தென்று சட்டென நிறுத்தினாள்.

வயது நாற்பத்தாறு.
மாதத்தில் பதினெட்டு நாள் உதிரப்போக்கு.
பாவாடை எல்லாம் கறுப்பாகவே தைத்துக்கொண்டாளாம்.
வாளியில் உறைந்த பனியை உடைத்து
நறநறவென்று மெல்லுகிறாளாம், ஏனென்று தெரியாமல்.
எனக்குத் தெரியும்.
இரத்தத்தில் இரும்பு வற்றிவிட்டது.

வயசுக் கோளாறு என்றாராம் ஒருவர்.
புருஷன் ரஷ்யாவில், ஏக்கம் என்றாராம் இன்னொருவர்.
பதினோரு வருடமாக ஸ்கேன் செய்கிறேன்,
ஏக்கம் ஒருமுறையும் திரையில் விழுந்ததில்லை.

ஒலியை அனுப்புகிறேன்.
அவளுக்கும் கேட்காது, எனக்கும் கேட்காது.
தோல் கடந்து, கொழுப்பு கடந்து, நீர் கடந்து
எதிலோ முட்டித் திரும்புகிறது
சாம்பல் நிறத்தில்.

இதோ கருப்பை.
நடுவே வெள்ளைக் கோடு நேராய்ப் போகவேண்டும்.
போகவில்லை.
பாறையைச் சுற்றும் மலைச்சாலைபோல் வளைகிறது.
பாறை உருண்டை, இருட்டு,
பின்னால் ஒரு நிழல்.

“ஓர் ஆப்ரிகாட் அளவு,” வாய் தவறிவிட்டது.
படிக்கும்போதே பழக்கிவிட்டார்கள்:
திராட்சை, எலுமிச்சை, ஆரஞ்சு;
பெண்ணின் வயிறென்றால் பழக்கடை.

முழங்கை ஊன்றி எழுந்தாள்.
“நூற்றிப்பத்து மரம் வளர்க்கிறேன் டாக்டர்.
எந்த ரகம்? எந்த மாசத்துக் காய்?
என் பழத்தை இதில் இழுக்காதீர்கள்.
கணக்காய்ச் சொல்லுங்கள்.”

ஓரத்தில் ஒரு புள்ளி, எதிரோரத்தில் ஒரு புள்ளி.
நாற்பத்தெட்டுக்கு நாற்பத்தொன்று, மில்லிமீட்டர்.

விரல்களை விரித்து அந்த இடைவெளியைப் பார்த்தாள்.
பார்த்துக்கொண்டே இருந்தாள்.
“புற்றா?”
“அப்படித் தெரியவில்லை. நார்க்கட்டி.
ஓஷ் போனால் எடுத்துவிடலாம்,
அதற்கு முன்னால் இரத்தம் ஏறவேண்டும்.”

“அப்படியென்றால் இருக்கிறது.”
“இருக்கிறது.”
“நான் சொன்னேன்.”
என்னிடம் அல்ல, கூரையிடம் சொன்னாள்.

படம் இரண்டு பிரதி வேண்டுமாம்,
வயசு என்றவருக்கு ஒன்று, ஏக்கம் என்றவருக்கு ஒன்று.
காகிதச் சுருள் தீரும் நிலையில் இருந்தது.
கொடுத்தேன்.

ஜெல்லைத் துடைக்கக்கூட நிற்கவில்லை.
கழிப்பறை எந்தப் பக்கம் என்று
ஓடிக்கொண்டே கேட்டாள்.