முப்பத்தி நாலு சென்டிமீட்டர் தண்ணீர்

லோயர் கேம்ப்பில் குடிவந்த அன்றைக்கே
சொல்லி வைத்தார்கள்:
மலையிலிருந்து இறங்குகிற ராட்சதக் குழாய்கள்
ராத்திரி பூராவும் இரையும், பழகிவிடும்.
பழகிவிட்டது.
அதனால்தான் பதினோரு மாதம்
என் தலைக்குள் இரைந்ததையும்
குழாய் என்றே நினைத்திருந்தேன்.

மின்நிலையத்தில் எனக்கு
அழுத்தமானி பார்த்து எழுதுகிற வேலை.
மணிக்கு ஒரு தரம், நீல மை.
பிழை வந்தால் அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்து.
குனிந்து செருப்பு மாட்டும்போது
உலகம் வோல்டேஜ் குறைந்த பல்பாகும்,
நாலு நொடி.
பிறகு ஒன்றும் நடக்காதது மாதிரி எரியும்.

கம்பத்தில் இரண்டு தரம் கண்ணாடி மாற்றினேன்.
குமுளியில் ஒருவர் ஒற்றைத் தலைவலி என்றார்.
இன்னொருவர், வீட்டுக்காரர் குடிப்பாரா என்றார்.
தேனியில் ஒரு ஸ்கேன் எடுத்தார்கள்.
மூளை நன்றாக இருக்கிறதாம்.
நன்றாக இருக்கிற மூளையோடு
பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் நெற்றியை அழுத்திக்கொண்டு
வீடு வந்தேன்.

மார்ச்சில் பராமரிப்புக்காக
ஷட்டரை இறக்கினார்கள்.
ஊருக்கே காது அடைத்த மாதிரி இருந்தது.
யார் வீட்டிலோ கரண்டி விழுந்தது கேட்டது.
மலைமேல் லாரி கியர் மாற்றுவது கேட்டது.
எனக்குள் மட்டும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.
மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன்.
நாடியும் இரைச்சலும் ஒரே நடை.
காதுக்குக் கீழே, கழுத்தில், ஒரு விரல் வைத்து
லேசாக அழுத்தினேன்.
நின்றது.
எடுத்தேன். ஓடியது.
அந்த ராத்திரி நாற்பது தரமாவது
என்னை நானே திறந்து மூடினேன்.

இதைச் சொன்னபோது சிரிக்காத முதல் ஆள்
கண் டாக்டர் ஷமீமா.
விளக்கைக் கண்ணுக்குள் பிடித்துக்கொண்டு
வெகுநேரம் பேசவில்லை.
"நரம்பு முனை ஊறின உளுந்தாட்டம் உப்பியிருக்கும்மா.
கோளாறு கண்ணில இல்ல. அதுக்குப் பின்னால."

மறுபடி ஸ்கேன். இந்த முறை சிரைகளுக்கு.
வண்டிப்பெரியாறுக்காரன் சிபிச்சன்
தலையைக் கூண்டில் பூட்டி, "சேச்சி, அனங்கல்லே" என்றான்.
அனங்கவில்லை.
மிஷின் தகரக் கூரையை உடைப்பதுபோல் இடித்தது.
அதற்கு அடியிலும் என் இரைச்சல் கேட்டது,
விட்டுக்கொடுக்காமல்.

படத்தில் நான் இல்லை.
எலும்பில்லை, முகமில்லை, மூளையும் இல்லை.
கறுப்பில் வெள்ளையாக, திரும்பிப்போகிற ரத்தத்தின் வழி மட்டும்.
உச்சியிலிருந்து பிடரிக்கு இறங்கி
இரண்டாகப் பிரிகிற ஒரு ஆறு.
இடது கிளை பிறவியிலேயே ஓடைதானாம்.
வலது, காதுக்குப் பின்னால்,
திடீரென்று நூலாகி, அப்புறம் மறுபடி ஆறாகிறது.
"முதல் ஸ்கேன்ல இது தெரியலையா?"
"அது வீட்டப் பாத்துச்சு. வடிகாலை யாரும் பாக்கலை."

நான் கேட்காமல் இருக்க முடியுமா?
குழாய் இறுகினதால் அழுத்தமா,
அழுத்தம் நெருக்கிக் குழாய் இறுகியதா?
நரம்பு டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார்.
"ரெண்டும் ஒண்ணை ஒண்ணு வளர்க்கும்.
எது முதல்னு எங்களுக்குள்ளயே தகராறு."
பதில் தெரியாது என்று சொன்ன டாக்டரை
எனக்கு உடனே பிடித்துப்போனது.

பக்கவாட்டில் சுருண்டு படுத்தேன்.
முதுகில் ஊசி, ஊசியில் ஒரு மெல்லிய குழாய்.
தெளிந்த நீர் அதில் ஏறியது.
பதினெட்டில் நிற்கவில்லை, இருபத்தைந்திலும்.
முப்பத்தி நாலு.
என்ன அளவு அது என்றேன்.
"சென்டிமீட்டர் தண்ணி."
சிரித்துவிட்டேன். ஆடாதீங்க என்று அதட்டினார்கள்.
மேலே இருக்கிற அணையை அடிக்கணக்கில் அளக்கிறார்கள்,
ஒவ்வொரு அடிக்கும் இரண்டு மாநிலம் சண்டை.
என் முப்பத்தி நாலுக்கு
ஒரு சுவரொட்டிகூட இல்லை.

மாத்திரை. விரல் நுனியெல்லாம் எறும்பு.
சோடா குடித்தால் துருப்பிடித்த ருசி.
எடை குறையணும். குறையாவிட்டால்
சிரைக்குள் வலைக்குழாய் வைப்பதைப் பற்றிப் பேசலாம்.
பேசலாம்.

ஜூனில் தேக்கடியில் தண்ணீர் திறந்தார்கள்.
கீழே எல்லாரும் பூவோடு நின்றோம்.
முதலில் காற்று வந்தது, பிறகு இரைச்சல்.
பூவை இடது கைக்கு மாற்றிக்கொண்டு
கழுத்தில் விரலை வைத்தேன்.
நிற்கவில்லை.
இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்த்தேன்.
நிற்கவில்லை.
இது தண்ணீர்தான்.