முந்நூற்று அறுபத்தைந்து

முதலில் வாங்கிய டார்ச் முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து.
விலை நானூறு ரூபாய்.
நடுவட்டத்துப் பனியில் அடித்தால்
பனியே கத்தரிப்பூ நிறம்;
பாசி, பாறை, என் செருப்பு எல்லாம் ஒரே ஊதா.
படத்தில் விழுந்தது டார்ச் மட்டும்தான்.

இரண்டாவது, சம்பளத்தில் கால்வாசி.
முகப்பில் கறுப்புக் கண்ணாடி.
கூரியர் பெட்டியைப் பிரித்துப் பகலில் போட்டுப் பார்த்து
ஏமாந்துவிட்டேன் என்றே நினைத்தேன்.
வெளிச்சம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

ராத்திரி ஒன்பதுக்கு, சிங்கோனா மரத்தடி.
ஜெசிந்தா டார்ச்சைப் பிடித்தாள்.
இருவர் கண்ணிலும் மஞ்சள் கண்ணாடி.
முக்காலி சேற்றில் ஓர் அங்குலம் இறங்கியது.
மரத்தில் ஒட்டியிருந்த கற்பாசி
ஆரஞ்சாய்ப் பற்றிக்கொண்டது.
வேலியோரத் தேயிலை மங்கிய சிவப்பு.
பட்டைத் துணுக்கை எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்ட புட்டி
கேஸ் அடுப்பின் நீலம்.
அத்தனை கசப்புக்கு இப்படி ஒரு நிறமா?

"அசைக்காதே, முப்பது விநாடி" என்றேன்.
சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
டார்ச் துள்ளி மேலே திரும்ப
இருட்டில் பற்கள் மட்டும் நீலவெள்ளையாய்.
அதில் ஒன்று
கரண்ட் போன வீடுபோல் அணைந்து கிடந்தது.

ஆறு வருஷம் ஒரே ஆய்வகத்தில் பக்கத்து மேஜை.
எனக்குத் தெரியாது.

"கட்டின பல்" என்றாள், நான் கேட்காமலே.
"கூடலூர் பஸ். திடீர்னு பிரேக் போட்டான்."
உதட்டை மூடிக்கொண்டு
விட்ட இடத்திலிருந்து வெளிச்சத்தைப் பிடித்தாள்.

அந்தப் படத்தில்
கற்பாசிக்கு ரொம்ப மேலே, சம்பந்தமில்லாமல்,
ஒரு பெரணி இலை சிவப்பாய் விழுந்திருக்கிறது.
வெட்டவில்லை.